வார இறுதி வீடு தேடித்தரும் ஆலோசனைச் சேவை: பெங்களூரிலிருந்து ஒரு மதிப்பீடு

பெங்களூரில் வேலையும் வீடும் வைத்துக்கொண்டு, ஓய்வு நாட்களுக்கென்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இன்னொரு வீடு வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களைக் குறிவைத்து நடக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இப்போது ஜெயநகர், கோரமங்களா பகுதிகளில் பல உண்டு. அவற்றில் ஒன்றின் சேவையைப் பயன்படுத்தி நான் ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களிடம் விசாரித்தபோதும் அதே கேள்விகளைக் கேட்டார்கள், அதே கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்.

மணவிலக்குப் பெற்று, குழந்தையைக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் உடன் வைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு இந்தச் சேவை எவ்வளவு பொருந்தும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பொருள். மற்றவர்களுக்கும் இது பயன்படலாம். ஆனால் அவர்களுக்காக எழுதப்பட்ட மதிப்பீடுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

சேவையின் நடைமுறை எளிது. முதலில் ஒரு படிவம். வரவு செலவு எவ்வளவு, மலையா சமவெளியா, தனி வீடா வேலி போட்ட குடியிருப்பா, எத்தனை மணி நேரப் பயணம் தாங்கும், தற்போதைய முகவரி என்ன ஆகியவற்றைக் கேட்கிறார்கள். ஒரு முன்கட்டணம் உண்டு. பத்திரப் பதிவு நடந்தால் அதைக் கமிஷனில் கழித்துக்கொள்கிறார்கள். பிறகு இடங்களின் பட்டியல் வருகிறது. அவர்களுடைய வண்டியிலேயே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். ஆவணங்களைச் சரிபார்த்து ஒரு குறிப்பு தருகிறார்கள். எனக்கு அமைந்த ஆலோசகர் சேலத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருப்பார், தன் தொழிலை நன்றாக அறிந்தவர். "சார், நாலு மணி நேரத்துக்கு மேல போனா யாரும் ரெண்டாவது வருஷம் போறதில்ல, நான் பார்த்த வரைக்கும் சொல்றேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். விற்பவர் வாயிலிருந்து இப்படிப்பட்ட சொல் வருவது அபூர்வம் என்பதால் அவர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

ஆனால் அந்த நாலு மணி நேரத்தை அவர்கள் என் வாசலிலிருந்து அளந்தார்கள். நான் ஜெயநகரில் இருக்கிறேன். என் மகள் தன் தாயுடன் நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள வைட்ஃபீல்டில் இருக்கிறாள், பள்ளியும் அங்கேயே. எங்கள் சமரச ஒப்பந்தப்படி, ஒன்றுவிட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவிட வேண்டும். ஆக, எனக்குக் கிடைப்பது முப்பத்திரண்டு மணி நேரம். வார இறுதி வீட்டுக்கான பயணம் என் கதவைப் பூட்டும்போது தொடங்குவதில்லை. வைட்ஃபீல்டில் அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது தொடங்கி, அதே படியில் முடிகிறது. படிவத்தில் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஓர் இடம் இருந்தது. குழந்தை எங்கே வசிக்கிறது என்பதற்கு இடமே இல்லை. படிவத்தை நிரப்பும் பெற்றோரோடுதான் குழந்தை வசிக்கும் என்பது அவர்கள் யோசிக்காமலே எடுத்துக்கொண்ட முடிவு.

இதன் விளைவு பட்டியலிலேயே தெரிந்தது. முதலில் வந்தது கோத்தகிரி. இடம் அருமை, தேயிலைச் சரிவுக்கு மேலே சிறிய வீடு, விலையும் ஊட்டியைவிடக் குறைவு. வைட்ஃபீல்டிலிருந்து சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. போக ஏழு, வர ஏழு என்றால் முப்பத்திரண்டில் பதினான்கு வண்டிக்குள்ளேயே போய்விடும். உறக்கத்தைக் கழித்தால் மகளோடு உட்கார்ந்திருக்க எட்டு, ஒன்பது மணி நேரம்தான் மிஞ்சும். நீலகிரிக்கு மைசூரு, பந்திப்பூர் வழியே போகலாமே என்றால், அந்தக் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணிவரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. சத்தியமங்கலத்துத் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. இவை போதாதென்று, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு இவை எதுவும் தடையல்ல. மணிக்கணக்குப் பார்த்துக் குழந்தையோடு இருக்கிறவர்களுக்கு ஒவ்வொன்றும் தடைதான்.

அடுத்தது ஏற்காடு. ஐந்து மணி நேரம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஆலோசகரின் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் மிகுந்த ஈடுபாட்டோடு காட்டினார். ஆரஞ்சு, காப்பி, மிளகு என்று தோட்டத்தின் ஒவ்வொரு மரத்தையும் அறிந்திருந்தார். கணக்கு அங்கேயும் இடித்தது.

மூன்றாவதாக ஏலகிரியைப் பார்த்தோம். இதை நான் எளிதில் ஒதுக்கவில்லை. திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், ஆரவாரம் அதிகமில்லாத மலை. சென்னைப் பாதையின் பல ரயில்கள் கிருஷ்ணராஜபுரத்தில் நின்று செல்வதால், வைட்ஃபீல்டில் வசிக்கும் குழந்தையோடு அங்கே ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கிவிடலாம். பிறகு மலையேற்றம் மட்டும்தான். ஹொஸ்கோட்டையிலிருந்து பேதமங்கலா வரை பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி சுமார் 70 கிலோமீட்டர் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதால், காரில் போவோருக்கும் வைட்ஃபீல்டு பக்கத்திலிருந்து வழி முன்னைவிட எளிதாகியிருக்கிறது. ஜெயநகரில் இருக்கும் என் வாசலிலிருந்து அளந்தால் ஏலகிரிக்கு இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது. ஆகவே நிறுவனத்தின் பட்டியலில் அது கடைசியில் இருந்தது. நான் கேட்டபிறகுதான் மேலே வந்தது. மலைப்பாதையின் பதினான்கு வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி, காரி, ஓரி என்று ஒவ்வொரு பலகையையும் மகள் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள், வயிற்றைப் புரட்டுவதைக்கூட மறந்து. நீண்ட விடுமுறைகளுக்கு இன்னும் அந்த மலைதான் என் மனத்தில் இருக்கிறது. ஆனால் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஞாயிறு ஆறு மணி தவறிவிடும். தொடர்ந்து தவறினால், அது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கோப்பில் ஒரு பக்கமாகிவிடும்.

கடைசியில் ஓசூரைத் தாண்டித் தளி சாலையில் ஒரு வீட்டை முடிவு செய்தேன். சர்ஜாபுரம், அத்திப்பள்ளி வழியாக வைட்ஃபீல்டிலிருந்து இரண்டு மணி நேரம். ஞாயிறு மாலை அத்திப்பள்ளியிலிருந்து பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு வரை ஊர்ந்து வரும் நெரிசலில் மாட்டாமல் சர்ஜாபுரத்தின் பக்கம் பிரிந்துவிட முடிகிறது. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓசூர் வட்டாரத்தின் குளிர்ச்சி கோடையிலும் முழுதாக விட்டுப்போவதில்லை. கோத்தகிரியின் அழகு இங்கே இல்லை. கேழ்வரகு வயல், ரோஜாத் தோட்டம், தூரத்தில் கல்குவாரியின் வெட்டு முகம். விளம்பரத் தாளில் 'யானைகளைக் கண்டு மகிழலாம்' என்று அச்சிட்டிருந்தார்கள். பன்னேர்கட்டாக் காடுகளிலிருந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குவது உண்மை. அந்த மாதங்களில் அங்குள்ள விவசாயிகளிடம் மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த வரி அச்சாகியிருக்காது.

இவ்வளவு அருகில் இருக்கிறதே, சிக்கல் முடிந்தது என்று ஆலோசகர் நினைத்தார். தூரத்தில் முடிந்தது, எல்லையில் தொடங்கியது. தளி பெங்களூருக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான்; ஆனால் வேறு மாநிலம். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் குழந்தையைக் கர்நாடகத்துக்கு வெளியே கொண்டு செல்லக்கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் இப்படி ஒரு வரியை வழக்கறிஞர்கள் சேர்ப்பதுண்டு. அந்த வரியின்படி 220 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சக்லேஷ்பூர் அனுமதிக்கப்பட்ட இடம், எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி நான்கு அடி வைத்தால் விதிமீறல். தமிழ்நாட்டு எல்லைக்குள் வீடு விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு நிறுவனம், மணவிலக்குப் பெற்றவர் என்று படிவத்தில் குறித்திருக்கும் ஒருவரிடம் இதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். என் வழக்கறிஞர்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை நினைவூட்டினார். பிறகு மகளின் தாயிடம் பேசி, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன் தகவல் தருவது என்ற நிபந்தனையோடு பொதுவான ஒப்புதலைப் பெற்று, சித்தையா சாலையில் நியாய தேகுலா வளாகத்திலிருக்கும் குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து தரும் மனுக்குறிப்பாக (கூட்டு மெமோ) பதிவு செய்தோம். அவர் மறுத்திருந்தால் நான் கனகபுரா சாலையிலோ நந்தி மலைப் பக்கமோ தேடியிருப்பேன். பட்டாவுக்குப் பதிலாகக் கர்நாடகத்துச் சொத்து ஆவணங்களான பஹணியும் கட்டாவும் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பேன்.

சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும், ஏனென்றால் ஆலோசகர் இதில் இரண்டு தவறான கருத்துகளைச் சொன்னார். முதலாவது, தமிழ்நாட்டில் வீடு இருந்தால் பிறகு வழக்கை அங்கேயே நடத்திக்கொள்ளலாம் என்பது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. பெற்றோரில் ஒருவர் எங்கே வீடு வாங்கினார் என்பது அங்கே பேச்சே இல்லை. மகள் வைட்ஃபீல்டில் பள்ளிக்குப் போகும்வரை, தளியில் எனக்கு இருப்பது ஓய்வு வீடு மட்டுமே. அவளுடைய வசிப்பிடம் அதனால் மாறாது. 'நீங்களும் ஒரு வீடு வெச்சிருந்தா கோர்ட்ல வெயிட்' என்பது விற்பனைப் பேச்சு. நீதிமன்றத்துக்கு முதன்மையானது குழந்தையின் நலம். 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தோட்டத்தின் பரப்பளவை அல்ல.

இரண்டாவது கருத்து இதைவிட ஆபத்தானது. 'மகள் பெயரிலேயே வாங்கிடுங்க சார், மனசுக்கும் நிறைவு' என்றார். அதே 1956 சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, சிறாரின் பெயரிலுள்ள அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளரான பெற்றோர்கூட நீதிமன்றத்தின் முன்அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அப்படி விற்றால் குழந்தையின் தரப்பு அதை ரத்து செய்யக் கோரலாம். குழந்தை வயதுக்கு வரும்வரை கைமாறாமல் இருக்க வேண்டிய நிலத்துக்கு இது நல்ல பாதுகாப்பு. அவளுக்குப் பதின்மூன்று வயதாகி, சனிக்கிழமைகள் கூடைப்பந்துக்கும் தோழிகளுக்கும் போய்விட்ட பிறகு விற்க நேரக்கூடிய ஒரு வார இறுதி வீட்டுக்கு இது பூட்டு. என் பெயரில் வாங்கினேன்.

நம் சட்டத்தில் கிலோமீட்டர் கணக்கு எங்குமே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காப்பாளரை நியமிக்கும்போது பார்க்க வேண்டியவை என்று 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தையின் வயது, பால், சமயம், காப்பாளரின் குணமும் தகுதியும், உறவு, விவரம் தெரிந்த குழந்தையானால் அதன் விருப்பம் என்று அடுக்குகிறது. தூரத்துக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் நேர்மாறு. புளோரிடாவில் பெற்றோரில் ஒருவர் ஐம்பது மைலோ அதற்கு அப்பாலோ, அறுபது நாட்களோ அதற்கு மேலோ குடிபெயர்வதானால் மற்றவரின் ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். மிச்சிகனில் கோடு நூறு மைல். நம்மிடம் அந்தக் கோடு இல்லாததால் ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாகத் தீர்கிறது. குழந்தையோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பிய ஒரு தாய்க்கு 2010இல் உச்ச நீதிமன்றம் அனுமதியளித்தது. தந்தை குழந்தையைச் சந்திப்பதற்கும் வழி வைத்தது. இத்தகைய உத்தரவுகள் சூழ்நிலைக்கேற்ப மாற்றத்தக்கவை என்றும் விளக்கியது. இந்த நிச்சயமின்மை வீடு வாங்குகிறவருக்கு நேரடியான பொருள் உடையது. மகளின் தாய்க்கு நாளை புனேயில் வேலை கிடைத்தால், இரண்டு மணி நேரம் என்ற என் கணக்கு முழுவதும் காலாவதியாகிவிடும். எனவே, சிறிய வீடாகவும், தேவைப்பட்டால் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கு வாடகைக்கு விடக்கூடியதாகவும் பார்த்தேன். மலை உச்சியில் தனித்திருக்கும் வீட்டுக்கு அந்த மாற்றுவழி இல்லை.

தொலைபேசிச் சமிக்ஞை பற்றியும் படிவத்தில் கேள்வி இல்லை. அலைபேசியை மறந்து இருப்பதற்கென்றே சிலர் இத்தகைய வீடுகளை வாங்குகிறார்கள். என் உத்தரவில் ஞாயிறு தவிர எல்லா நாளும் இரவு எட்டு மணிக்குத் தாயோ தந்தையோ, உடன் இல்லாதவர், மகளோடு காணொளியில் பேச வேண்டும் என்று இருக்கிறது. சந்திப்பு உரிமையோடு தொலைபேசியிலும் காணொளியிலும் தொடர்புகொள்ளும் உரிமையும் வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியபிறகு இத்தகைய ஏற்பாடு வழக்கமாகிவருகிறது. காட்டோரத்தில் எங்களுக்குக் காட்டப்பட்ட ஒரு மனையில் கட்டைச்சுவர்மேல் ஏறி நின்றால் ஒரே ஒரு கோடு வந்தது. இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை எடுத்துப்போய், வீட்டுக்குள் நின்று இரவு நேரத்தில் சோதிப்பது நல்லது.

ஆவண வேலையில் இந்த நிறுவனம் குறை வைக்கவில்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தார்கள். பட்டாவில் உள்ள பரப்புக்கும் கிரயப் பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் இருந்த சிறு வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடித்து, சர்வேயரை வைத்து அளந்து சரிசெய்ய வைத்தார்கள். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகாரம் இல்லாத ஒரு மனையை நான் கேட்காமலே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 2016க்குப் பிறகு தமிழ்நாட்டில் அத்தகைய மனை வாங்கிப் பதிவுக்கு அலைந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள். ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர் ஏப்ரலில் எந்த அளவுக்கு இறங்கும் என்பதை விற்பவரிடம் கேட்காமல் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விசாரித்தது ஆலோசகரின் அனுபவம். ஒன்றை மட்டும் நாமே வற்புறுத்திக் கேட்க வேண்டும்: வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டமான ரெராவின் கீழ் முகவர் செய்யும் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. பெங்களூர் நிறுவனத்தின் கர்நாடகப் பதிவு ஓசூர்த் திட்டத்துக்குச் செல்லாது. கேட்டபோது ஓசூரிலுள்ள பதிவுபெற்ற முகவர் ஒருவர் மூலமாகச் செய்வதாகச் சொல்லி அவருடைய எண்ணைக் காட்டினார்கள். கேட்காதவர்களுக்குக் காட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. ரெராவின் கீழ்வரும் திட்டங்களில், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கில் அவர்கள் தந்த தாள் நேர்மையாக இருந்தது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து ஒன்பது விழுக்காடு. வங்கிக் கடன் பொதுவாக இதற்கு வராது, கைக்காசுதான். முப்பது லட்சத்துக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரையான வீட்டுக் கடனில் மதிப்பின் எண்பது விழுக்காடுவரைதான் வங்கி தரலாம். வருமான வரியில் 2019–20 முதல் இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்ட முடிவதால், காலியாகக் கிடக்கும் இரண்டாவது வீட்டுக்குக் கற்பனை வாடகை காட்டி வரி கட்டும் தொல்லை இல்லை. இவை எல்லாம் தாளில் இருந்தன. காவலாளின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள், அது எல்லோரும் செய்வதுதான்.

மொத்தத்தில், குழந்தைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பங்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; ஐந்துக்கு நான்கு. குழந்தையின் வீடு வேறு, தன் வீடு வேறு என்றிருப்பவர்களுக்கு இரண்டரைதான் தர முடியும், அதுவும் ஆவண வேலைக்காக. அப்படிப்பட்டவர்கள் படிவத்தில் முகவரி கேட்கும் இடத்தில் குழந்தையின் முகவரியை எழுதிக்கொடுத்து, சனி காலையிலும் ஞாயிறு மாலையிலும் வண்டி ஓட்டிப் பார்த்த நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரநாள் மதியத்தில் கூகுள் காட்டும் நேரத்தை ஏற்காதீர்கள். உத்தரவின் நகலை முதலில் உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், பிறகு இடம் பாருங்கள். முன்கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை வில்லங்கச் சான்று கைக்கு வந்தபின் தருவதாகக் கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பத்திரம் ஓசூரில் பதிவான அன்று மீதிக் கமிஷனுக்கு ரசீதும் கொடுத்தார்கள், ஜிஎஸ்டி எண்ணோடு.